நான்காம் படத்தில் மேடேறிய தண்ணீர்

போன மாதம் கொலோனில் நீங்கள் எல்லோரும் கூடியபோது என்னையும் அழைத்தீர்கள். ஆய்விதழ்த் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கே வேலை எடுத்தவர்கள். பார்க்கவே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்களில் ஒருத்தி எழும்பி, "அக்கா, நீங்கள் சீன ஆய்விதழ்களோடைதான் கனகாலம் வேலை செய்தனீங்கள். அதுகளை உலகம் திரும்பிப் பாக்கிற மாதிரிச் செய்ய என்ன வழி?" என்று கேட்டாள். நான் உற்சாகமாகத் தொடங்கினேன். சுற்றி வளைத்துப் பேசுவது என் பிறவிக்குணம். விஷயத்துக்கு வருவதற்குள் மண்டபத்தைப் பூட்டும் ஆள் வந்து கதவடியில் நின்றுவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அன்று தொண்டைக்குள் நின்ற கதையை இப்போது எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. கட்டுரையை இணையத்தில் ஏற்றுவது, தரவுத்தளங்களுக்கு அனுப்புவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, எல்லாம் கையை விட்டுப் போகிறது என்ற நேரத்தில் என்ன செய்யத் தோன்றும் என்பதுதான். அதுவும் இந்தத் தொழிலில் உண்டு.

என் வேலை இதுதான். ஆங்கிலத்தில் ஆய்விதழ் நடத்தும் சீன நிறுவனங்கள் பல, ஐரோப்பியப் பதிப்பகம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். கட்டுரைகளைத் தேர்வது அவர்கள், உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாங்கள். எங்கள் பதிப்பகம் கொலோனில் இருந்தது. நான் வுப்பர்டாலிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். அப்படி என் கைக்கு வந்த இதழ்களில் ஒன்று மண்சரிவு பற்றியது. மேற்குச் சீனாவில், காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் மண்ணே மலையாக நிற்கும் பகுதியிலிருந்து வந்தது. அந்த மலைகள் சரிந்துகொண்டே இருப்பவை. இதழின் தலைமை ஆசிரியர் லின் என்ற பெண்மணி. தன் சொந்த ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு இந்த இதழைத் தொடங்கியவர். "எங்கள் மலைகளைப் பற்றி நாங்கள்தான் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். வேறு யார் சொல்வார்கள்?" என்பார். அவர் அதைச் சொல்லும்போது எனக்கும் உடனே எழும்பி எங்காவது ஓட வேண்டும் போலிருக்கும்.

ஆனால் உலகம் அவர் இதழைத் திரும்பியும் பார்க்கவில்லை. நம்பத்தக்க ஆய்விதழ்கள் என்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் ஒரு சர்வதேசப் பட்டியல் உண்டு, உங்களுக்குத் தெரியும். அதில் சேராத இதழ் கடையில் வைத்தும் யாரும் எடுக்காத சாமான். லின்னின் இதழ் ஒரு தடவை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தது. கட்டுரைகளை மதிப்பிடுபவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர், ஒருவரை ஒருவர் தெரிந்தவர் என்று காரணம் சொன்னார்கள். இரண்டாம் தடவையும் தவறினால் இதழை மூடிவிட வேண்டும் என்று லின்னின் மேலிடம் முடிவு செய்திருந்தது. லின்னுக்கு அது இதழ் மட்டுமல்ல. திரும்பிப் போக அவருக்கு வேறு ஆராய்ச்சி மிச்சமில்லை.

எனவே வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களைத் தேடி இறங்கினேன். நான் இறங்கினால் தெரியும்தானே! ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு பேராசிரியர் மியூனிக்கில் இருந்தார். அவரது அறிவுக்கு எவ்வளவு பேரோ, நாக்குக்கும் அவ்வளவு பேர். பெரிய பெரிய ஆட்களே அவரிடம் கட்டுரை போய்விட்டது என்று தெரிந்தால் தூக்கம் கெட்டு இருப்பார்கள். அவரை நான் பிடித்தேன். மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நாலாவதில், "உங்களுக்கு நேரமில்லை என்றால் பரவாயில்லை, அந்த மலைகள் உங்களுக்காகக் காத்திருக்காமல் சரிந்துகொண்டுதான் இருக்கும்" என்று எழுதினேன். உடனே ஒப்புக்கொண்டார். லின்னின் இதழுக்கு வந்திருந்த ஒரு கட்டுரை அவருக்குப் போனது, அவரும் அறிக்கை எழுதி அனுப்பினார். கொஞ்ச நாளில் சர்வதேசப் பட்டியல்காரர்களும் லின்னின் இதழைப் பற்றி அவரிடமே கருத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்துவிட்டது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கூட்டு இதழ்களின் ஆசிரியர்களை எங்கள் பதிப்பகம் வருடத்துக்கு ஒரு தடவை கொலோனுக்கு அழைக்கும். லின்னும் வந்திருந்தார். அவர் வந்த வாரத்தில்தான் மியூனிக்கிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அழைத்தது ஜெபா. திருநெல்வேலிப் பிள்ளை, அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பேராசிரியர் எங்களிடம் சொல்லிவிட்டே அந்தக் கட்டுரையை அவனையும் சேர்த்துக்கொண்டு மதிப்பிட்டிருந்தார்.

"அக்கா, இங்க நிலைமை சரியில்ல. ரிவைஸ்டு வெர்ஷன் வந்துச்சு. ப்ரொஃபசர் ஃபிகர் ஃபோரைப் பார்த்துட்டு பேப்பரைத் தூக்கிச் சுவத்துல அடிச்சிட்டாரு."

"ஏனடா, என்ன பிழை?"

"அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் இல்லக்கா. படத்துல கலரை மட்டும் மாத்தி அனுப்பியிருக்காங்க. முன்னால சாம்பல் கலர், இப்போ நீலம். 'என் கேள்விக்கு நீலப் பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்கானுங்க'ன்னு கத்துறாரு. அந்த ஜர்னல்ல ரிவ்யூ நடக்குறதே நாடகம்னு பட்டியல்காரங்களுக்கு எழுதப் போறாராம். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு நேரே லின் இருந்த அறைக்குப் போனேன். பேராசிரியரின் அறிக்கையை நான் பார்த்திருந்தேன். அதில் ஒளிவுமறைவு கிடையாது. "நான்காம் படத்தின்படி குளிர்காலத்தில் தண்ணீர் மலைக்குள் மேடேறுகிறது. தண்ணீருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கட்டுரையாளர்கள் இந்த மலையை நேரில் பார்த்தார்களா, கணினியில் மட்டும் பார்த்தார்களா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குரிய இடம் குப்பைக்கூடை." இதைப் படித்த ஒரு மனிதன் எப்படி வர்ணத்தை மட்டும் மாற்றுவான்?

லின் கொஞ்சமும் கலங்காமல் சொன்னார்: "கட்டுரையாளர் அதைப் படிக்கவில்லை."

"பின்னே என்ன படித்தார்?"

"நாங்கள் கழுவி அனுப்பியதை."

கழுவுவது! அவர்களது அலுவலகத்தில் அதற்கு அப்படித்தான் பெயர். வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகள் வரத் தொடங்கியதும், அவற்றின் முரட்டுத்தனத்தைக் கண்டு அலுவலகமே திகைத்துப் போனதாம். இதைக் கட்டுரையாளருக்கு அப்படியே அனுப்புவது விருந்துக்கு வந்தவரின் முகத்தில் தண்ணீரை ஊற்றுவதற்குச் சமம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வோர் அறிக்கையையும் உட்கார்ந்து, அக்கறையாக, மரியாதையான சொற்களில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். பேராசிரியரின் குப்பைக்கூடை அவர்கள் கையில் இப்படி ஆகியிருந்தது: "மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர் நான்காம் படத்தை மிகுந்த ஆர்வத்துடன் பார்வையிட்டார். வசதிப்பட்டால் அதை மேலும் தெளிவாக்கினால் வாசகர்கள் மகிழ்வார்கள்."

பாவம் அந்தக் கட்டுரையாளர்! வெய் என்ற இளைஞன். வசதிப்பட்டது, தெளிவாக்கிவிட்டான். நல்ல நீலமாக.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லின் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார், தன் அலுவலகத்தில் இதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று. நான் பேராசிரியரின் கோபத்தைச் சொன்னதும்தான் அவரது முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "அப்படியானால் எங்கள் இதழ்?" என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் அறிவுரைகள் வந்து குவிந்தன. என் மேலாளர் தங்கமான ஜேர்மன்காரர், ஆனால் சிக்கல் என்றால் சுருக்குவழி தேடுவார். "கணினி முறைமையில் கோளாறு, அறிக்கையின் ஒரு பகுதி கட்டுரையாளருக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதிவிடுங்கள். யாருக்கும் நோகாது" என்றார். லின்னின் மேலதிகாரி சீனாவிலிருந்து அழைத்து, அலுவலகத்தில் ஆகப் புதிதாகச் சேர்ந்த பெண் தவறுதலாக மாற்றிவிட்டாள் என்று சொல்லச் சொன்னார். இரண்டும் நடைமுறைக்கு ஏற்றவைதான். இரண்டிலும் பேராசிரியர் சமாதானம் ஆகியிருக்கக்கூடும். முடிவை நாளைக் காலை சொல்கிறேன் என்று லின்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் கணவர். வுப்பர்டாலின் தொங்கு ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு மேலே தொங்கியபடி இத்தனை வருடம் போய்வந்ததாலோ என்னவோ, எதற்கும் பதறமாட்டார்.

"என்ன, அந்தக் கோப்பையை எத்தினைதரம் கழுவுவீர்? பூவெல்லாம் அழியப் போகுது" என்றார்.

கழுவுதல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ரை முதல் அகதி விசாரணை உமக்குத் தெரியாது. நீர் அப்ப இஞ்சை வரேல்லை" என்றார்.

"மொழிபெயர்க்க ஒரு ஆள் வந்தது எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். எங்கடை ஆள்தான், நல்ல மனுசன். பிடிச்சுக்கொண்டு போன இடத்திலை என்னை என்னெண்டு ஏசினவங்கள், என்ன செய்தவங்கள் எண்டு நான் ஒண்டும் விடாமல் சொன்னன். அந்தாள் காதுவரை சிவந்து போச்சு. எதிரிலை இருந்து விசாரிச்சது ஒரு பொம்பிளை. அவவுக்கு முன்னாலை அந்தச் சொல்லுகளை என்னெண்டு சொல்லுறது? 'இவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள்' எண்டு முடிச்சுப்போட்டார்."

"கண்டிச்சவையாமோ?"

"ஓம், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. கண்டிச்சதுக்கு ஆர் அகதி அந்தஸ்துக் குடுப்பினம்? என்ரை Antrag-ஐ, அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டினம். ரண்டாந்தரம் வேறை ஒருத்தர் வந்து எல்லாத்தையும் அப்பிடியே சொன்ன பிறகுதான் சரிவந்தது." எழும்பி வந்து என் கையில் இருந்த கோப்பையை வாங்கி வைத்தார். "முதல் வந்தவர் எனக்குக் கெடுதல் நினைக்கேல்லை, பாரும். மரியாதைதான் நினைச்சவர். என்ரை கதையைத் துப்புரவாக்கிக் குடுத்தார். துப்புரவான கதையை ஒருத்தரும் நம்பேல்லை."

இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த நிமிடமே என் தலைக்குள் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. கணினிக் கோளாறு என்று சொல்வதும் இன்னொரு கழுவல்தானே! புதிதாகச் சேர்ந்த பெண் என்பதும் அதுவேதான். உடனே லின்னை அழைத்தேன். "நாளை காலை மியூனிக் போகிறோம். நடந்ததை நடந்தபடி பேராசிரியரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறோம்" என்றேன். "எத்தனை மணிக்கு ரயில்?" என்று மட்டும் கேட்டார் லின்.

ரயில் கொலோனை விட்டதும் நான் கேட்டேன்: "வெய்யிடம் உண்மையான அறிக்கை போய்விட்டதா?"

"இல்லை. அவன் இளம்பிள்ளை. அதைப் படித்தால் உடைந்து போவான்."

"உடையட்டும். இப்போதே அழையுங்கள். ஒரு சொல்லும் குறையாமல் படித்துக் காட்டுங்கள்."

சீனாவில் அப்போது பிற்பகல். வெய் எடுத்தான். லின் படித்தார், குப்பைக்கூடை வரைக்கும். கொலோனிலிருந்து பிராங்க்ஃபுர்ட் போகும் பாதையில் சுரங்கத்துக்கு மேல் சுரங்கம், உங்களுக்குத் தெரியும். குப்பைக்கூடையில் தொடர்பு அறுந்துவிட்டது. நாங்கள் இருவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுரங்கம் முடிந்தது, அவனே திரும்ப அழைத்தான். அழுதிருப்பான் என்று நினைத்தேன். அவன் கோபத்தில் இரைந்துகொண்டிருந்தான்! லின் கேட்கக் கேட்க எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவன் சொல்கிறான், தண்ணீர் மேடேறத்தான் செய்கிறதாம். குளிர்காலத்தில் மலையின் அடிவாரம்..."

சுரங்கம்.

"அடிவாரம் என்ன?" என்று நான் இருக்கையில் இருந்து எழும்பிவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னை முறைத்தார். நான் அவரைத் திருப்பி முறைத்தேன்.

அப்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இடையில் கிடைத்த வெளிச்சத்தில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது விஷயம். மழையும் பாசன நீரும் மஞ்சள் மண்ணுக்குள் இறங்கி, மலையின் அடியில் கசிந்து வெளியேறும். கடுங்குளிரில் அந்த அடிவாரம் உறைந்து கல்லாகிவிடும். வாசல் அடைபட்டுப் போகும். ஆனால் உள்ளே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். போக வழி இல்லாமல் மலைக்குள் மட்டம் ஏறும். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் அடைப்பு வந்தால் தண்ணீர் ஏறாதா, அதேதான். வசந்தத்தில் பனி இளகியதும் ஊறிப்போன மலை மொத்தமாக இறங்கிவிடும். அங்கே மழையே இல்லாத நாளில் மலைகள் சரிவது அதனால்தான்.

"இது கட்டுரையில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

லின் அவனிடம் கேட்டார். பதிலைக் கேட்டதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் எழுதவில்லை என்கிறான்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போலிருந்தது. உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று லின் தவித்த விஷயம் அந்தக் கட்டுரைக்கு அடியில் கிடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க ஒரு முரட்டுக் கேள்வி வந்தது. அந்தக் கேள்வியைத்தான் இவர்கள் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருக்கிறார்கள்!

பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தபோது அவர் எழும்பவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. ஜெபா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். நான் வழியெல்லாம் ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கும் முன் லின் ஓரடி முன்னால் போனார்.

"உங்கள் கேள்விகளைக் கட்டுரையாளர் புறக்கணிக்கவில்லை. அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. உங்கள் அறிக்கையை எங்கள் அலுவலகம் மாற்றி எழுதியது. அப்படி எழுத நான்தான் கற்றுக்கொடுத்தேன்."

"எதற்காக?"

"கட்டுரையாளரை மரியாதையாக நடத்த."

"என்னை மரியாதையாக நடத்தவில்லையே."

"இல்லை" என்றார் லின். விளக்கத்தை அதற்கு மேல் நீட்டவில்லை. நான் அவரைப் பார்த்துப் பிரமித்தேன். பிறகு அவரே சொன்னார்: "கட்டுரையாளர் நேற்றுவரை உங்கள் அறிக்கையைப் பார்க்கவில்லை. இன்று காலை அதை அப்படியே படித்துக் காட்டினேன். நான்காம் படத்தைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு என்கிறார்."

ஜெபாவுக்கு இருமல் வந்துவிட்டது. பேராசிரியர் முதல் தடவையாக எழுந்தார். "தவறா? அவனை அழையுங்கள்."

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதைப் போல ஒரு பிற்பகலை நான் என் தொழிலில் கண்டதில்லை. மேசை நடுவில் கைபேசி. அதிலிருந்து வெய்யின் குரல். பேராசிரியர் பலகையில் மலையை வரைவார், வெய் அடிவாரம் அப்படி இல்லை என்பான், அவர் அழிப்பார், திரும்ப வரைவார். "எந்த ஆழம்வரை உறைகிறது? எப்படி அளந்தாய்? எத்தனை இடத்தில்?" என்று அதட்டுவார். வெய் அதட்டலுக்கு அதட்டலாகவே பதில் சொன்னான். உடைந்துபோவான் என்று லின் பயந்த பிள்ளை! ஓரிடத்தில் பேராசிரியர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். சுண்ணக்கட்டி கையில் இருந்தபடியே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மலையின் அடியில் ஒரு தடித்த கோடு இழுத்தார், அடைபட்ட வாசல்.

"நான் இதை யோசிக்கவில்லை" என்றார்.

லின் எனது கையைப் பிடித்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நாங்கள் கிளம்பும்போது பேராசிரியர் சொன்னார்: "கட்டுரை நல்லது. ஆனால் பட்டியல்காரர்கள் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள், நடந்ததை எழுதத்தான் வேண்டும். அறிக்கையைத் திருத்தியதை மறைக்க என்னால் முடியாது."

லின்னின் முகத்தில் முந்திய நாள் இருந்த வெளுப்பு திரும்ப வந்தது. ரயில் பயணம் முழுக்கச் சேர்த்த சந்தோஷம் ஒரே வசனத்தில் கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என் மேலாளரிடம் கேட்காதது, யாரிடமும் அனுமதி வாங்காதது. "நீங்கள் எழுத முன் நாங்களே வெளியிடுகிறோம்" என்றேன். "கட்டுரையோடு சேர்த்து உங்கள் அறிக்கை, நாங்கள் கழுவி அனுப்பியது, வெய்யின் பதில், எல்லாம். நீங்கள் சம்மதித்தால் உங்கள் பெயரோடு. இனி வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதேபோல."

"கழுவியதையுமா?" என்றார் பேராசிரியர்.

நான் லின்னைத் திரும்பிப் பார்த்தேன். இதழ் அவருடையது, மானமும் அவருடையது. நான் வீறாப்பாகச் சொல்லிவிடலாம், விலை கொடுப்பது அவர்.

"அதையும்தான்" என்றார் லின். "முதலில் அதைத்தான்."

கொலோனுக்குத் திரும்பியதும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அந்த உரையாடலைக் கழுவாமல் இங்கே எழுத முடியாது, ஆகவே விட்டுவிடுகிறேன். லின்னின் மேலதிகாரி அவரோடு பல நாள் பேசவில்லை. வேறு இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் லின்னுக்கு வேறு வழி காட்டினார்கள். அவரது இதழின் கட்டுரைகளைத் தாங்கள் மேற்கோள் காட்டுகிறோம், தங்களுடையதை அவர் காட்டட்டும், எண்ணிக்கை ஏறினால் பட்டியல் தானாக வரும் என்றார்கள். லின் மறுத்துவிட்டார். "ஒரு தடவை கழுவியது போதும்" என்றாராம். வெய்யின் கட்டுரை, சண்டை சச்சரவு முழுவதோடும், அடுத்த இதழில் வந்தது.

பிறகுதான் எனக்கு வேடிக்கை தெரிந்தது. ஆட்கள் கட்டுரையைப் படிக்க வந்தார்களோ இல்லையோ, சண்டையைப் படிக்க வந்தார்கள்! கழுவிய அறிக்கையையும் கழுவாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கட்டுரைக்குள் போனார்கள், போனவர்கள் அடைபட்ட வாசலைக் கண்டார்கள். நோர்வேயிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், தங்கள் குளிர்நாட்டு மலைகளிலும் இது நடக்கிறதா என்று வெய்யிடம் கேட்டு எழுதினார்கள். எங்களைக் கடுமையாக மதிப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே கட்டுரைகள் வரத் தொடங்கின. சர்வதேசப் பட்டியல் இதழைச் சேர்த்துக்கொண்ட செய்தி வந்த அன்று நான் அலுவலகச் சாப்பாட்டு அறையில் கூச்சல் போட்டேன். சூப் வைத்திருந்த ஒருவர் தட்டத்தைக் கைநழுவ விட்டுவிட்டார். அந்தச் செலவை என் மேலாளரே ஏற்றுக்கொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

உலகம் திரும்பிப் பார்ப்பது என்று நீங்கள் கேட்டது அதுதான் என்று நினைத்து நானும் அன்று குதித்தேன். உண்மையில் அது அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், மியூனிக் பேராசிரியர் தன் சொந்தக் கட்டுரை ஒன்றை லின்னின் இதழுக்கு அனுப்பினார். பவேரியாவில் ஒரு மலையடிவாரத்தில் கருவிகளைப் புதைத்து, அங்கேயும் வாசல் அடைபடுகிறது என்று கண்டிருந்தார். அதைப் பெரிய மாநாடு ஒன்றில் தலைமை உரையாகச் சொல்வதாகவும் இருந்தது. லின் அந்தக் கட்டுரையை மதிப்பிட வெய்யிடம் கொடுத்தார். வெய்யின் அறிக்கை வந்ததும் லின் என்னை அழைத்தார். குரல் பதறியது.

"மிகவும் கடுமையாக இருக்கிறது. 'ஒரு குளிர்காலம் மட்டும் அளந்துவிட்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது அவசரம். இன்னொரு குளிர்காலம் அளந்துவிட்டு வாருங்கள்' என்று எழுதியிருக்கிறான். அவருக்கு! என்ன செய்யட்டும்?"

"உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் போலிருக்கிறது?" என்று கேட்டேன்.

"அனுப்பிவிட்டேன்" என்றார். "உங்களிடம் கேட்பதற்கு முன்பே."

இரண்டு நாள் மியூனிக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஜெபா அழைத்தான்.

"அக்கா, நியூஸ் தெரியுமா? ப்ரொஃபசர் மாநாட்டு உரையை வித்ட்ரா பண்ணிட்டாரு. சென்சரை எல்லாம் திரும்ப மலைக்கு ஏத்தச் சொல்லிட்டாரு. இன்னொரு வின்டர் அளக்கணுமாம்."

"கோவமா இருக்கிறாரோ?"

"செம்ம கோவம்க்கா. ஆனா 'அந்தப் பையன் சொல்றது சரி'ன்னு சொல்லிட்டேதான் கோவப்படுறாரு."

நான் லின்னை அழைத்து, ஜெபா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தன் அலுவலகத்தைப் பார்த்துச் சீன மொழியில் உரக்க ஏதோ சொன்னார். அங்கே நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். மியூனிக்கில் ஒரு பெரிய மனிதர் தன் மாநாட்டை விட்டுவிட்டு மலையேறப் போகிறார், அவர்கள் இதழில் இருந்து ஒருவர் போகச் சொன்னதால்.